கணக்குப் புத்தகத்தை யாரிடம் கொடுப்பது?

(ஆலய ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற உபயதாரர்கள் கூட்டத்தில் ஆலயச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய ஆலயத் தலைவர் அவர்களே, ஆட்சிக்குழு நண்பர்களே, ஆண்டுதோறும் உபயம் ஏற்று நடத்திவரும் அன்பர்களே, தாய்மார்களே, மண்டபத்தின் கதவோரம் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கதவோரம் நிற்கும் இளைஞர்களைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. முன்வரிசையில் பத்து நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. வந்து உட்காருங்கள் என்று கூட்டம் தொடங்குமுன் அழைத்தேன். "பரவால்ல சார், அது பெரியவங்க உட்கார்ற இடம்" என்றார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டு என்னால் மகிழ்ச்சியடைய முடியவில்லை.

இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு ‘உள்ளூர்ச் சமூகத் தலைமைத்துவப் பயிற்சித் திட்டம்’. கேட்பதற்குப் பெரிய தலைப்பு. நான் அதைச் சிறியதாக்கிக் கொள்கிறேன். இந்த ஆலயத்தின் சாவிக்கொத்தும் கணக்குப் புத்தகமும் அடுத்த பத்து ஆண்டுகளில் யார் கைக்குப் போகப்போகின்றன? அந்தக் கைகளை யார் பழக்குவது? இவ்வளவுதான் என் பேச்சு.

நம் ஆட்சிக்குழுவில் பதினைந்து பேர் இருக்கிறோம். பதினொருவர் 60 வயதைத் தாண்டியவர்கள். எனக்கு 66. எல்லாருக்கும் இளையவருக்கு 47 வயது. அவரை நாம் இன்னும் ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறோம். பந்தல்காரரைக் கூப்பிடவும், பூமாலை வாங்கவும், சவுண்டு சிஸ்டம் கெட்டுப் போனால் ஓடவும் அவர்தான். அவருக்கு மகன் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கிறான் என்பதை நாம் மறந்து விடுகிறோம்.

நம்மில் பலர் தோட்டத்திலிருந்து இந்தத் தெமியாங்குக்கு வந்தவர்கள். தோட்டத்தில் தலைவர்கள் எப்படி உருவானார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் கங்காணிதான் தலைவர். ஊரிலிருந்து ஆள்கட்டி வந்தவர் அவர். துரைக்கும் நமக்கும் நடுவில் நின்றவர் அவர். கோயிலில் முதல் மரியாதையும் அவருக்கே. அந்தத் தலைமை பதவியோடு வந்தது. யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, யாருக்கும் அவர் கணக்குச் சொல்லவும் இல்லை. 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தபின் கங்காணியின் செல்வாக்கு மெல்லச் சரிந்தது. ஆனால் முதல் மரியாதைக்குச் சண்டை போடும் பழக்கம் மட்டும் சரியவில்லை என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

அடுத்த தலைமை தொழிற்சங்கத்திலிருந்து வந்தது. அதற்கு நம் மாநிலம் ஒரு தொட்டில் என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1946-இல் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தவர்களில் முக்கியமானவர் பி.பி. நாராயணன் அவர்கள். கேரளத்திலிருந்து வந்தவர், அப்போது இருபது வயதைத் தாண்டிய இளைஞர். மீண்டும் சொல்கிறேன், இருபதைத்தான் தாண்டியிருந்தார், அறுபதை அல்ல. பின்னர் 1954-இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானபோது அதன் பொதுச் செயலாளராக இருந்து நடத்தியவரும் அவரே. 1962-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? சமூகத் தலைமைத்துவம். அன்னை தெரேசாவுக்கும் அதே ஆண்டில்தான் அந்த விருது வழங்கப்பட்டது.

ஆனால் நான் இன்று அந்தப் பெரியவரைப் பற்றிப் பேச வரவில்லை. சங்கம் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கிளை வைத்தது. கிளைக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர். பால்மரம் வெட்டிய கையால் கூட்டக்குறிப்பு எழுதினார்கள். எங்கள் லாபு பக்கத்துத் தோட்டத்தில் கிளைச் செயலாளராக இருந்தவர் ஆறாம் வகுப்பு வரை தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். லயத்தில் அவர் வீட்டில் மட்டும்தான் மேசை இருந்தது. காலையில் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் நிறுத்து, மாலையில் குளித்துவிட்டு அந்த மேசையில் உட்காருவார். மனு எழுத வேண்டியவர்கள் திண்ணையில் காத்திருப்பார்கள்.

1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும் என்று வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த குடும்பங்கள் கலங்கிப் போயின. எனக்குப் பத்து வயது. அந்த மேசையைச் சுற்றி என் பெற்றோர் உட்பட முப்பது நாற்பது பேர் நின்றது என் கண்ணில் இன்னும் இருக்கிறது. அவர் ஒவ்வொரு பாரமாக எழுதினார். தெரியாத இடத்தில் நிறுத்தி, மறுநாள் சிரம்பான் சங்க அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போய் விசாரித்து வந்து எழுதினார். எங்கள் குடும்பம் இந்த நாட்டில் நின்றது. என் பெரியப்பா இரண்டு கல் தொலைவில் வேறொரு தோட்டத்தில் இருந்தார். அங்கே அப்படி ஒரு மேசை இல்லை. பெரியப்பா குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறியது. அண்ணன் தம்பி இருவருக்கும் இடையில் இருந்த வேறுபாடு, பாரம் எழுதத் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாரா இல்லையா என்பதுதான்.

அவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்? ஒருநாள் கேட்டேன். "முதல் கூட்டத்துல கை நடுங்குச்சு தம்பி. ரெண்டாவது கூட்டத்துல எழுத்து நடுங்குச்சு. மூணாவது கூட்டத்துல தலைவர் தப்பாச் சொன்னார், நான் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினேன். அதுக்கப்புறம் நடுங்கல" என்றார். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த எந்தப் பாடமும் இதைவிடத் தெளிவாக இல்லை.

தொழிற்சங்கம் மட்டுமா? துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலம் அது. மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி நூறு வெள்ளிப் பங்கு. அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய் அந்தப் பத்து வெள்ளியைக் கேட்டார். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்தப் பத்து வெள்ளியை வசூலித்து, ரசீது எழுதி, பட்டியல் வைத்து அனுப்பியவர்கள் பெரும்பாலும் தோட்டத்து மனிதர்கள். ஐம்பதுகளில் கோ. சாரங்கபாணி அவர்களின் ‘தமிழ் முரசு’ பிள்ளைகளுக்காக ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியைத் தந்தது. பத்திரிகையின் ஒரு பக்கமாக இருந்தது, நாளடைவில் ஊர் ஊராக இளைஞர் மணிமன்றங்களாக வளர்ந்தது. மேடையில் பேசவும், நாடகம் போடவும், நாடகத்துக்கு வசூலித்த காசுக்குக் கணக்குக் காட்டவும் நம் தலைமுறையில் பலர் கற்றுக்கொண்டது அங்கேதான். இங்கே உட்கார்ந்திருக்கும் நம் பொருளாளரும் அப்படி வந்தவர்தான். கட்டபொம்மன் வேடம் போட்டவர் என்பது கூடுதல் தகவல்.

இப்போது அந்தத் தோட்டங்கள் எங்கே? பல தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. பால்மரத்துக்குப் பதில் செம்பனை வந்தது, செம்பனைக்குப் பதில் வீடுகள் வந்தன. மிஞ்சிய தோட்டங்களில் நம்மவர் குறைவு. கிளைச் சங்கம் போயிற்று. பல ஊர்களில் மணிமன்றமும் ஓய்ந்தது. நம் பிள்ளைகள் செனவாங் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள், கோலாலம்பூருக்கு ரயிலேறிப் போய் வருகிறார்கள். நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள். ஆனால் பத்துப் பேர் கூடிய கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழியும் வாய்ப்பு அவர்களுக்கு எங்கே கிடைக்கிறது? கை நடுங்குவதற்கே இடமில்லாமல் போய்விட்டது. மிச்சமிருப்பது கோயில் ஒன்றுதான். அதன் கதவோரத்தில் அவர்கள் நிற்கிறார்கள்.

இது ஏன் இவ்வளவு அவசரம் என்று சிலர் கேட்கலாம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பற்றிச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் தோட்டம் கைமாறியது. கோயில் இருக்கும் இடத்தில் சாலை வரும் என்றார்கள். பேச்சுவார்த்தைக்கு மூன்று பெரியவர்கள் போனார்கள். "இந்தக் கோயிலை எந்த உரிமையில் கட்டினீர்கள்?" என்று கேட்டார்கள். "அப்போதைய துரை வாயால் சொன்னார்" என்றார்கள் நம்மவர்கள். பதிவு இல்லை, கடிதம் இல்லை, தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டியதற்கு ஒரு ரசீதும் இல்லை. கடைசியில் தாமானின் கோடியில், கால்வாய் ஓரமாக, பழைய இடத்தில் பாதி அளவுக்கும் குறைவாக ஓர் இடம் கிடைத்தது. அம்மன் அங்கே போனாள். ஆலமரம் வரவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, காலமான ஒரு மண்டோர் வீட்டில் பழைய தகரப் பெட்டியைத் துடைத்தபோது, துணிகளுக்கு அடியில் விரித்திருந்த தாளைப் பேத்தி எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதம், தோட்ட நிர்வாகியின் கையெழுத்து, கோயிலுக்கு இடம் ஒதுக்கியதற்கான அத்தாட்சி. அவள் என்னிடம் கொண்டு வந்தாள். நான் படித்தேன். படித்துவிட்டு என்ன செய்வது? அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று நினைத்த மனிதர் இருந்திருக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுப் போக ஏற்பாடுதான் இல்லை.

பினாங்கில் 1906 முதல் இந்து அறப்பணி வாரியம் என்ற சட்டபூர்வ அமைப்பு உண்டு. நம் மாநிலம் நீரிணைக் குடியேற்றங்களில் சேராததால் அத்தகைய வாரியம் இங்கே வரவில்லை. நம் கோயில் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஒரு சங்கம். ஆண்டுக் கூட்டம் நடத்தி 60 நாட்களுக்குள் கணக்கும் பொறுப்பாளர் பட்டியலும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். இப்போது எல்லாம் கணினி வழியாகத்தான். அந்த மறைச்சொல் என்னிடம் மட்டும் இருக்கிறது. இன்று இரவு நான் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறேன். மீதியை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

இனி நான் செய்த தவறுகளைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நானே முன்னின்று இரண்டு நாள் தலைமைத்துவ முகாம் ஒன்று நடத்தினேன். எழுபது பிள்ளைகள் வந்தார்கள். வெளியூரிலிருந்து பேச்சாளர்கள். கண்ணை மூடிக்கொண்டு எதிர்காலத்தைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பலூன் ஊதினார்கள், காகிதக் கோபுரம் கட்டினார்கள். கடைசியில் சான்றிதழ், குழுப்படம், நல்ல சாப்பாடு. ஆறாயிரம் வெள்ளிக்கு மேல் செலவு. படம் அந்த ஆண்டு மலரில் வந்தது. அடுத்த மாதம் ஆண்டுக் கூட்டத்துக்கு அந்த எழுபது பேரில் இருவர் வந்தார்கள். வந்த இருவருக்கும் நாம் என்ன வேலை கொடுத்தோம்? நாற்காலி அடுக்கச் சொன்னோம். சான்றிதழில் ‘தலைவர்’ என்று போட்டுக் கையில் நாற்காலியைக் கொடுத்தால் மூன்றாம் முறை யார் வருவார்?

பிறகு 2020-இல் நோய்த்தொற்றுக் காலம் வந்தது. மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. கோயில் நடை சாத்தப்பட்டது. நம் ஆட்சிக்குழுவில் பாதிப்பேர் சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள். சுற்றுவட்டாரத்தில் தினக்கூலிக் குடும்பங்களில் அடுப்பு எரியவில்லை. என்ன செய்வது என்று கைத்தொலைபேசியில் நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்த மூன்று நாட்களில், செனவாங் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்யும் நம் பெண்பிள்ளை ஒருத்தியும் நான்கு இளைஞர்களும் வீட்டுப் பட்டியல் தயார் செய்துவிட்டார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், குழந்தைக்குப் பால்மாவு வேண்டுமா, மருந்து வேண்டுமா என்று எல்லாம் எழுதியிருந்தார்கள். காவல் நிலையத்துக்கும் சமூகநல இலாகாவுக்கும் மலாய்மொழியில் கடிதம் எழுதி அனுமதி கேட்டதும் அவர்களே. என்னிடம் கையெழுத்து மட்டும் கேட்டார்கள். கடிதத்தில் நான் திருத்துவதற்கு ஒரு பிழையும் இல்லை. ஆசிரியனுக்கு அது ஓர் ஏமாற்றம்தான்.

நன்கொடையாக 14,350 வெள்ளி சேர்ந்தது. இங்கே இருக்கும் பலர் கொடுத்தீர்கள். வேலை முடிந்து கணக்குப் பார்த்தபோது 212 வெள்ளி இடித்தது. எங்கேயோ ஒரு கடை ரசீது தவறிவிட்டது. அந்தப் பெண் என் வீட்டு வாசலுக்கு வந்து, முகக்கவசத்தோடு, கேட்டுக்கு வெளியே நின்றபடி சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடும்மா, நான் போட்டுச் சரிக்கட்டிடறேன், யாருக்கும் தெரிய வேணாம்" என்றேன். அவள், "வேணாம் சார். இல்லைன்னா இல்லைன்னு எழுதறேன்" என்றாள். பிறகு கூட்டம் கூடியபோது எழுந்து நின்று வாசித்தாள்: "212 வெள்ளிக்கு ரசீது இல்லை. பொறுப்பு என்னுடையது."

உடனே ஒருவர், "இதுக்குத்தான் சின்னப் பிள்ளைங்க கையில காசு குடுக்கக் கூடாதுங்கறது" என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆடின. அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் மேசையில் தலைகுனிந்து கூட்டக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அன்று நான் எழுந்து பேசவில்லை. அதை இன்று பேசுகிறேன்.

நான் பதினேழு ஆண்டுகளாகச் செயலாளர். இந்தப் பதினேழு ஆண்டுகளில் திருவிழாக் கணக்கு மூன்று முறை இடித்திருக்கிறது. ஒருமுறை 90 வெள்ளி, ஒருமுறை 300-க்கு மேல், ஒருமுறை சில்லறைதான். மூன்று முறையும் என் பையிலிருந்து போட்டு, கணக்கை நேராக்கி, உங்கள் முன் வாசித்தேன். கோயில் காசு ஒரு காசுகூட நான் எடுத்ததில்லை, முருகன் அறிவான். ஆனால் உங்களுக்கு நான் கொடுத்தது உண்மையான கணக்கு அல்ல. நீங்கள் கை தட்டினீர்கள். அந்தப் பெண் உண்மையான கணக்கைக் கொடுத்தாள். அவளை நாம் திட்டினோம். அதன்பிறகு அவள் கூட்டத்துக்கு வருவதில்லை. சாமி கும்பிட மட்டும் வருகிறாள்.

தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூர் என்ற ஊர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919-லும் 921-லும் வெட்டியவை. ஊர் வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் எடுப்பதற்கான விதிகள் அவை. பள்ளியில் நாம் படித்ததுதான். ஆனால் விதிகளை ஊன்றிப் பார்த்தவர் குறைவு. பொறுப்பு ஒரே ஆண்டுக்கு, 360 நாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய உறவினர்களுக்கும் இடமில்லை. அண்மையில் மூன்று ஆண்டுகளுக்குள் பொறுப்பில் இருந்தவர் பெயரையும் குடத்தில் போடக்கூடாது. அதில் எல்லாம் நமக்கு ஏற்றவை என்று நான் சொல்லவில்லை. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கான சபை அது, பெண்களுக்கு இடமில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா எவரும் அந்தக் குடத்தருகே போயிருக்க முடியாது. ஆனாலும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், கோயில் சுவரில், ‘போதும், எழுந்திரு’ என்று பெரிய மனிதர்களுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நான் பதினேழு ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன்.

அவ்வளவு தூரம் போவானேன்? நாம் வாழும் இந்த மாநிலத்தின் அடாட் பெர்ப்பாத்தே வழக்கத்தைப் பாருங்கள். குடும்பத்தார் கூடி புவாப்பாக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் லெம்பாகாவை, லெம்பாகா உண்டாங்கை, உண்டாங்குகள் மாநிலத்தின் யாங் டிப்பெர்துவான் பெசாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைமை வீட்டுப் படிக்கட்டிலிருந்து மேலே போகிறது. என்னோடு பணியாற்றிய மலாய் ஆசிரியர் ஒருவர் இதை விளக்கிவிட்டு, "உங்கள் கோயிலில் எப்படி?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இலங்கையில் ஆரியரத்ன என்ற பள்ளி ஆசிரியர் 1958-இல் தம் மாணவர்களைக் கொழும்பிலிருந்து ஒரு பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துப் போனார். மாணவர்கள் அங்கே தங்கி, கிணறு வெட்டி, கிராமத்தாரோடு சேர்ந்து உழைத்தார்கள். அதிலிருந்துதான் சர்வோதய சிரமதான இயக்கம் கிளைத்து ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது. அவர் கையில் வேலையைக் கொடுத்தார். நான் பலூனைக் கொடுத்தேன்.

ஆகவே உங்கள் முன் ஒரு திட்டத்தை வைக்கிறேன். ஆட்சிக்குழு கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டது; முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன்.

முதல் ஆண்டில் பன்னிரண்டு பேர் போதும். 18 முதல் 30 வயது வரை, பாதிக்குக் குறையாமல் பெண்கள். தாமானில் இருப்பவர்கள் மட்டும் அல்லாமல், இன்னும் தோட்டங்களில் இருக்கும் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் வரவேண்டும். அவர்களை அழைத்து வர வண்டிச் செலவு கொடுப்போம். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலைப் பூசை முடிந்து இரண்டு மணி நேரம். ஒவ்வொருவரும் ஆட்சிக்குழுவில் ஒருவரோடு இணைக்கப்படுவார். முதல் ஆறு மாதம் பெரியவர் செய்வதை இளையவர் பக்கத்தில் இருந்து பார்ப்பார். அடுத்த ஆறு மாதம் இளையவர் செய்வார், பெரியவர் பக்கத்தில் இருப்பார், கேட்டால் மட்டும் வாய் திறப்பார். இரண்டாவது பாதிதான் கடினம். பயிற்சி தேவைப்படுவது நமக்குத்தான்.

என்ன கற்றுக்கொடுப்பது? தமிழில் கூட்டக்குறிப்பு, மலாயில் கடிதம். வங்கிக் கணக்கும் புத்தகக் கணக்கும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது. சங்கச் சட்டத்தையும் நம் ஆலய அமைப்பு விதிகளையும் ஒரு முறையாவது முழுதாகப் படிப்பது. நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம் என்று நான் கேட்கப் போவதில்லை. நில அலுவலகத்துக்கு நேரில் போய் நம் கோயில் நிலத்தின் பத்திர நிலையை விசாரித்து எழுதி வருவது. இதோடு, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றும் உண்டு. இரத ஊர்வலத்தில் இரு தரப்பும் உறுமிக்கொண்டு நிற்கும்போது யாரிடம் முதலில் போய்ப் பேசுவது, சாவு வீட்டில் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது, உபயம் தர இயலாமல் போனவர் வீட்டுக்கு எப்படிப் போவது. இவற்றை நம் தலைவர் அவர்கள் அருமையாகச் செய்வார். அவரோடு போய்த்தான் கற்க முடியும்.

வரும் திருவிழாவில் ஒரு நாள் அன்னதானம் முழுவதும் இவர்கள் பொறுப்பு. காசு, காய்கறி, சமையல், கணக்கு எல்லாம். சாம்பாரில் உப்புக் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கு இடித்தால் இடித்தது என்றே வாசிப்பார்கள். அப்படி வாசிப்பவரை யாரும் அவமதிக்கக் கூடாது என்பதை இந்தக் கூட்டத்தில் இன்றே ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிவில் சான்றிதழ் கிடையாது. அரசியல் கட்சிக் கொடிக்கும் இடம் கிடையாது. கட்சியில் சேர விரும்புபவர் சேரட்டும், அது அவர் உரிமை, ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எவருக்கும் ஆள்சேர்க்கும் இடமாகாது.

சிலருக்கு ஐயம் வருவது நியாயமே. பொறுப்பைக் கொடுத்தபின் பிள்ளை வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்டால் என்ன செய்வது? போகட்டும். அங்கேயும் ஒரு கோயிலோ சங்கமோ இருக்கும், அங்கே போய் எழுதட்டும். பன்னிரண்டில் நால்வர் நின்றால் எனக்குப் போதும். பெரியவர்களின் மரியாதை குறையாதா என்றும் ஒருவர் கேட்டார். மனம் விட்டுச் சொல்கிறேன், குறையும். முதல் மாலை போட ஆள் வராத ஒரு திருவிழாவுக்கு நான் என்னைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அது எளிதாக இல்லை.

ஓராண்டுச் செலவு 12,000 வெள்ளி என்று மதிப்பிட்டிருக்கிறோம். வண்டிச் செலவு, தாள், அச்சு, கணக்காய்வாளர் ஒருவரை நான்கு முறை அழைத்துப் பாடம் எடுக்கச் செய்வது, எளிய சாப்பாடு. சென்ற ஆண்டு திருவிழாவின் மின்விளக்கு அலங்காரத்துக்கு இதைவிட அதிகம் செலவழித்தோம். அலங்காரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவாமிக்கு அழகு பார்ப்பதும் பக்திதான். உபயதாரர்களில் ஒருவர் ஒரு நாள் விளக்கைக் குறைத்து இதற்குத் தந்தால், உபயதாரர் பெயர்ப் பலகையில் அவர் பெயர் வழக்கம்போல் இடம் பெறும்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அமைப்பு விதித் திருத்தம் ஒன்றும் வருகிறது. ஒரே பொறுப்பில் தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் எவரும் இருக்கக் கூடாது. ஆட்சிக்குழுவில் 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று இடங்கள். கூட்டம் ஏற்றால் பதிவிலாகாவின் ஒப்புதலுக்கு அனுப்புவோம். அந்தக் கூட்டத்தில் நான் செயலாளர் பொறுப்புக்குப் போட்டியிடப் போவதில்லை. திருத்தம் தோற்றாலும் போட்டியிடப் போவதில்லை.

இன்னும் ஒன்று. சென்ற வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்றேன், இம்முறை நான். அன்று நான் பேசாமல் இருந்தது தவறு என்று சொன்னேன். என் மூன்று கணக்குகளையும் சொன்னேன். அவள் உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தாள். பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக வர முடியுமா என்று கேட்டேன். "படிக்கிறதுக்கா சார், கணக்கு சொல்லிக் கொடுக்கிறதுக்கா?" என்று கேட்டாள். இரண்டுக்கும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். இன்னும் சொல்லவில்லை.

பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் ஆலய அலுவலகத்தில் பாரம் பெற்றுக்கொள்ளலாம். பாரம் ஒரே பக்கம்தான். பதிவிலாகாவின் மறைச்சொல்லை ஓர் உறையில் போட்டு முத்திரை வைத்து இன்று தலைவர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். கதவோரம் நிற்பவர்கள் இப்போதாவது முன்னால் வந்து உட்காருங்கள். அடுத்துப் பொருளாளர் கணக்கு வாசிக்கப் போகிறார்.